பனிக்காலத்தில் சலேத் மாதாவிடம்

கொடைக்கானல் சலேத் மாதா கோயிலுக்கு ஆகஸ்ட் 15 திருவிழாவில்தான் கூட்டம் அதிகம். எங்கள் வீட்டில் எல்லோரும் சேர்ந்து போவது டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் கால ஞாயிறு ஒன்றில். மன்னவனூர்ப் பக்கம் கொஞ்சம் நிலம் வைத்து உருளைக்கிழங்கும் பூண்டும் போடுகிறவர்களுக்கு மாதாவிடம் முறையிட நிறைய இருப்பது அந்த மாதத்தில்தான்.

ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்து வானம் தெளிந்துவிட்டால் ஊருக்குச் சந்தோஷம், தோட்டக்காரருக்குப் பயம். மேகமும் காற்றும் இல்லாத இரவில் பள்ளத்து நிலத்தில் உறைபனி இறங்கும். விடியும்போது வரப்பெல்லாம் உப்புத் தூவியது போல வெளுத்திருக்கும். கேரட், பூண்டு ஓரளவு தாங்கும். உருளைச் செடி தாங்காது. பனி உறைந்த இலையில் சுள்ளென்று வெயில் பட்டால் மதியத்துக்குள் கருகிப்போகும். அதனால் வெயில் ஏறுமுன் அப்பா ஸ்பிரிங்ளரைத் திறந்துவிட்டுப் பனியைக் கழுவுவார். அம்மா விறகடுப்பில் கடுங்காப்பி வைத்துக்கொண்டே செபமாலையைத் தொடங்குவார். "அருள் நிறைந்த மரியே" என்று அடுப்படியிலிருந்து குரல் போனால், "தூய மரியே, இறைவனின் தாயே" என்று தோட்டத்திலிருந்து பதில் வரும். எங்கள் வீட்டுக் காலைச் செபம் மார்கழி முழுக்க இப்படித்தான் நடக்கும்.

கோயிலுக்குப் போகும் ஞாயிறன்று அந்த வேலை முடிந்த கையோடு பஸ் ஏறிவிடுவோம். பூம்பாறையில் பூண்டு மூட்டைகள் ஏறும். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய மலைப்பூண்டு அது. குழந்தை வேலப்பரைக் கும்பிடும் ஓர் அத்தை, நாங்கள் எங்கே போகிறோம் என்று தெரிந்ததும் ஒரு பிடிப் பூண்டை அம்மா மடியில் வைத்து, "எங்க பேரையும் சொல்லிக் குடுத்துரு தாயீ" என்றார். அதையும் காணிக்கைக் கூடையில் சேர்த்துக்கொண்டோம்.

கொடைக்கானலில் இந்தக் கோயில் எழும்பியது 1860-களில், பிரெஞ்சு இயேசு சபைக் குருக்களால். அவர்கள் நாட்டில் லா சலேத் என்ற ஊரின் மலைமேல் 1846 செப்டம்பர் 19 அன்று மாடு மேய்த்த இரண்டு பிள்ளைகள், மெலனியும் மாக்சிமினும், கல்லில் உட்கார்ந்து முகத்தைப் பொத்தி அழுத ஒரு பெண்ணைக் கண்டார்கள். அந்த அம்மா பேசியதில் உருளைக்கிழங்கும் இருந்தது. கிழங்கு அழுகிக்கொண்டே போகும், கிறிஸ்துமஸ் வரும்போது ஒன்றும் மிஞ்சாது என்றார். அந்த வருடங்களில் ஐரோப்பாவின் கிழங்கை அழித்தது கருகல் நோய். மூடுபனி விடாமல் நின்றால் எங்கள் செடிகளில் இலையடியில் வெள்ளை பூத்து வருவதும் அதே நோய்தான்.

ஞாயிறை மறந்ததற்கும் மகனின் பெயரை வீணாகச் சொன்னதற்கும் மாதா கண்டித்ததைத்தான் பிரசங்கங்களில் அதிகம் கேட்டிருக்கிறேன். அது உண்மைதான். ஆனால் என்னைப் பிடித்து வைத்திருப்பது வேறொன்று. கெட்டுப்போன கோதுமையைப் பார்த்ததில்லையா என்று மாதா மாக்சிமினிடம் கேட்கிறார். இல்லை என்கிறான். பார்த்தாய் மகனே, உன் அப்பாவோடு அந்த வயலுக்குப் போனபோது என்று நினைவுபடுத்துகிறார். கதிரைக் கசக்கியதும் அது தூளாய் உதிர்ந்தது, திரும்பும் வழியில் அப்பா ஒரு துண்டு ரொட்டியைக் கொடுத்து, இந்த வருடமாவது சாப்பிடு, அடுத்த வருடம் யாருக்குக் கிடைக்குமோ என்று சொன்னது, எல்லாவற்றையும் சொல்கிறார். சாமியைத் தேடாமல் இருந்த அந்தத் தகப்பன், மகன் வந்து இதைச் சொன்ன பிறகு மனம் திரும்பினார். வயல் வழியில் தன் பிள்ளையிடம் மட்டும் சொன்ன கவலை அல்லவா அது! வருடத்தின் கடைசிப் பருவமான கடைபோகம் கருகிய ஒரு வருடம் எங்கள் அப்பாவும் வரப்பில் நின்று ஏறக்குறைய இதையேதான் சொன்னார். அதையும் ஒருத்தி கேட்டிருக்கிறாள் என்று நான் நம்புகிறேன்.

சலேத் அன்னையின் மார்பில் தொங்கும் சிலுவையில் ஒரு பக்கம் சுத்தியல், மறுபக்கம் குறடு இருக்கும். பாவத்தால் ஆணி அடிப்பதும் மனம் திரும்பிப் பிடுங்குவதும் நம் கையில் என்று அப்பத்தா சொல்லிக்கொடுத்தது.

திருப்பலிக்கு வேற்று ஊர்க்காரர்களும் வந்திருந்தார்கள், ஸ்வெட்டருக்குள் நடுங்கிக்கொண்டு. காணிக்கை நேரத்தில் கேரட், முட்டைக்கோஸ், பூண்டு எல்லாம் பீடத்துக்குப் போயின. பூசை முடிந்து அவை ஏலத்துக்கு வந்தபோது பூம்பாறை அத்தையின் பூண்டை அம்மாவே ஏலம் எடுத்தார், அவருக்கே திருப்பிக் கொடுக்க. அப்புறம் அப்பா பையிலிருந்த விதைக்கிழங்குகளைப் பூசை வைத்த சாமியாரிடம் நீட்டி, "தோத்திரம் சாமி, இதைக் கொஞ்சம் மந்திரிச்சுக் குடுங்க" என்றார். சாமி தீர்த்தம் தெளித்து, கருகல் இந்த வருடம் எப்படி என்று விசாரித்தார். தண்ணீர் பாய்ச்சிச் செய்யும் நீர்போகத்துக்கு முதல் மேட்டு வரிசையில் அவைதான் ஊன்றப்படும்.

குடிலுக்கு ஒரு நட்சத்திர விளக்கு வாங்க ஆசைப்பட்டான் தம்பி. வாங்கினோம். வானம் துடைத்துவிட்டது போலத் தெளிந்திருந்ததால், உருளைப் பாத்திக்குப் பக்கத்தில் விட்டிருந்த ஓலையையும் சாக்கையும் இருட்டுமுன் செடிமேல் விரித்தாக வேண்டும் என்று அப்பா மதியப் பஸ்ஸுக்கே அவசரப்படுத்தினார்.