மாமாவுக்கு வைத்தியம் தேடிய கதை

எங்கள் ஊரில் ஒருவர் குடிக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியலாம். சிகிச்சைக்குப் போகிறார் என்பது மட்டும் யாருக்கும் தெரியக் கூடாது. அத்தை இப்படியே பயந்து பயந்து வருடங்களை ஓட்டிவிட்டார்.

சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுங்கள் என்று ஒருவர் பொடி விற்றார். அத்தை வாங்கியும் விட்டார். நல்லவேளை, கொடுக்கவில்லை. தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். குடியை நிறுத்துவதற்காகக் கொடுக்கும் டைசல்பிரம் மாதிரியான மருந்து உடம்பில் இருக்கும்போது சாராயம் குடித்தால் உயிரே போகலாம்.

அப்புறம் மாமா தானாகவே நிறுத்தினார். மறுநாள் காலை டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தும் பாதி டீ வேட்டியில்தான் விழுந்தது. மூன்றாம் நாள் சுவரில் பூச்சி ஊர்கிறது என்று தட்டிக்கொண்டே இருந்தார். பேய் பிடித்துவிட்டது என்றார்கள். பேயும் இல்லை, ஒன்றும் இல்லை. வருடக்கணக்கில் தினமும் குடித்த உடம்பு சட்டென்று நிறுத்தினால் இப்படி ஆகும், வலிப்பும் வரும். மருத்துவர் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும்.

மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருப்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும். போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம். குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கு 19-ஆம் நாள். மாமா ஒரே கையில் டம்ளரைப் பிடித்து டீ குடித்தார் என்று அத்தை போனில் அழுதார்.