ஸ்டெப்னிக் குழியில் மழை

ஜூலை 5, சனி
மும்பை மாட்டுங்கா மார்க்கெட்டில் வாங்கிய வாழை இலைக் கட்டை வைக்க கார் டிக்கியைத் திறந்தால் குப்பென்று பூஞ்சை வாடை. கார்பெட்டைத் தூக்கினேன். ஸ்டெப்னிக் குழியில் நான்கு விரற்கடைத் தண்ணீர், அதில் துருவேறிய ஜாக்கி. "கிங்ஸ் சர்க்கிள் வெள்ளத்துல இறக்காதீங்கன்னு சொன்னேனே" என்றாள் மனைவி. வெள்ளமாக இருந்தால் சேறு படிந்திருக்குமே! இது தெளிந்த தண்ணீர். மழைதான், மேலேயிருந்துதான்.

ஜூலை 6, ஞாயிறு
மெக்கானிக் பார்த்த மாத்திரத்தில் "பீடிங் போச்சு" என்றார். டிக்கி வாயைச் சுற்றியிருக்கும் ரப்பர் பட்டைதான் பீடிங். மாற்றியாயிற்று.

ஜூலை 9, புதன்
மறுபடியும் தண்ணீர். பத்து ரூபாய்த் தாளை பீடிங்கில் வைத்து மூடி இழுத்துப் பார்த்திருந்தால் பழையதன் பிடி தெரிந்திருக்கும். காசைக் கொடுத்த பிறகுதான் எனக்கு புத்தி வரும்.

ஜூலை 12, சனி
உள்பக்க அட்டைகளைக் கழற்றி, தகரம் முழுக்க முகப்பவுடர் தூவினேன். தண்ணீர் ஓடினால் அதில் கோடு விழும். பின்சீட்டை மடக்கி மகளை டார்ச்சோடு உள்ளே அனுப்பினேன். சீட் வழியாக அவள் எப்போது வேண்டுமானாலும் வெளியே வரலாம். ஹோஸை பம்பரிலிருந்து மேல்நோக்கி நகர்த்தினேன். மேலே ஆரம்பித்தால் தண்ணீர் எல்லாவற்றின் மீதும் வழிந்து குழப்பிவிடும். நம்பர் பிளேட், ஒன்றுமில்லை. இடது பின்விளக்கு, ஒன்றுமில்லை. நான் சந்தேகப்பட்டதே அதைத்தான். கூரையோரப் பள்ளத்துக்கு வந்ததும் உள்ளிருந்து சத்தம்: "அப்பா, விளக்குக்குப் பின்னாடி கோடு ஓடுது!" கூரையும் பக்கவாட்டுத் தகரமும் சேரும் இணைப்பில் தண்ணீர் புகாமலிருக்கப் பூசியிருந்த சீலர் முடி அளவு வெடித்திருக்கிறது. தண்ணீர் அங்கே நுழைந்து, தகரத்துக்குள்ளேயே இறங்கி, விளக்கருகே தலைகாட்டுகிறது. அதற்குள் சொசைட்டி செயலாளர் தண்ணீர்ச் செலவைப் பற்றி மராத்தியில் ஆரம்பித்துவிட்டார்.

ஜூலை 13, ஞாயிறு
ஹார்டுவேர் கடைக்காரர் பாத்ரூம் சிலிக்கானை நீட்டினார். வேண்டாம் என்றேன். அந்த வினிகர் வாடை அடிக்கும் ரகம் காயும்போது அமிலம் விடும், தகரம் துருப்பிடிக்கும். பெயின்ட்டும் அதன்மேல் ஒட்டாது. பாலியூரித்தேன் சீலர் வாங்கினேன். பார்க்கிங்கில் கூரையடியில் வைத்து பழையதைச் சுரண்டி, துருவைத் தேய்த்து பிரைமர் அடித்து, ஹேர் டிரையரால் நன்றாக உலர்த்தியபின் பூசினேன். ஈரத்தின்மேல் பூசினால் உரிந்துவிடும்.

ஜூலை 15, செவ்வாய்
ராத்திரி முழுக்கக் கொட்டியது. குழியில் விரித்திருந்த செய்தித்தாள் மொறமொறவென்று இருக்கிறது. வாடைதான் போகவில்லை. கார்பெட்டுக்கு அடியிலிருந்த பஞ்சு மெத்தை இப்போது பால்கனிக் கொடியில் தொங்குகிறது. "என்னடாப்பா செத்துக் கிடக்கு?" என்று எதிர்வீட்டு மாமி இரண்டு தடவை கேட்டுவிட்டார்.