பாவம் எண்ட சொல்லுக்கு ரெண்டு அர்த்தம்

அம்மா போய் நாலாம் மாசம் எனக்கு நித்திரை இல்லாமப் போச்சு. ராத்திரி ரெண்டு மணிக்கு எழும்பி பல்கனியில நிண்டு வெள்ளவத்தைக் கடலைப் பாத்துக்கொண்டு நிப்பன், நெஞ்சுக்குள்ள ஆரோ அம்மிக்கல்லை வச்ச மாதிரி இருக்கும், ஈசீஜீ எடுத்துப் பாத்தும் ஒண்டும் இல்ல எண்டிட்டினம். மனுசிதான் பிடிச்சு கவுன்சிலிங்குக்கு அனுப்பினவ.

நடந்தது இதுதான். அம்மாக்கு பாரிசவாதம் வந்து எட்டு மாசம் கொட்டாஞ்சேனையில அக்கா வீட்டில படுக்கையில கிடந்தவ. வெள்ளவத்தையில இருந்து கொட்டாஞ்சேனை என்ன பெரிய தூரமே, ரெண்டும் கொழும்புக்குள்ளதான், ட்ரஃபிக்கில மாட்டினாலும் ஒரு மணித்தியாலம். அந்த எட்டு மாசத்தில நான் போனது ஆறு தரமோ ஏழு தரமோ. காசு அனுப்பினன், அதுவும் ஒழுங்கா இல்ல. வேலை கூட எண்டு எல்லாருக்கும் சொன்னன். உண்மை என்னெண்டா அந்த அறையின்ர மணமும் அம்மா கதைக்கேலாம என்னையே பாத்துக்கொண்டு கிடக்கிறதும் எனக்குத் தாங்கேலாம இருந்தது, அதால நான் போகேல்ல.

கவுன்சிலர் நல்ல மனுசி, பொறுமையாக் கேட்டவ, அவவில எனக்கு ஒரு கோவமும் இல்ல. மூண்டாம் நாள் சொன்னா, "இது குற்றம் இல்ல, குற்ற உணர்வு. உங்களுக்கு அப்ப ஏலுமானத நீங்கள் செய்தனீங்கள். இனி உங்கள நீங்களே மன்னிக்கப் பழகோணும்." கேக்க சுகமா இருந்தது. ரெண்டு கிழமை நல்லா நித்திரையும் கொண்டன். பேந்து திரும்பவும் அதே ரெண்டு மணி. ஏனெண்டா எனக்கு ஏலுமானத நான் செய்யேல்ல, அது எனக்கு வடிவாத் தெரியும், தெரிஞ்ச ஒரு விசயத்த தெரியாத மாதிரி எவ்வளவு நாளைக்கு இருக்கிறது? அதோட, என்னை நான் எப்பிடி மன்னிக்கிறது? கடன்காரனே தன்ர கடனைத் தள்ளுபடி செய்யேலுமெண்டா கடன் குடுத்தவன் எதுக்கு?

அப்பதான் எங்கட தமிழ்ச் சொல்லு ஒண்டு மனசில தட்டுப்பட்டுது. பாவம். "ஐயோ பாவம் அந்தப் பிள்ளை" எண்டும் சொல்லுறம், "பாவம் செய்திட்டன்" எண்டும் சொல்லுறம், ரெண்டுக்கும் ஒரே சொல்லு. இண்டைய உளவியலுக்கு முதலாவது பாவம் நல்லாத் தெரியும். காயப்பட்டவன், சின்ன வயசில ஏச்சும் அடியும் வாங்கினவன், ஐயோ பாவம். ரெண்டாவது பாவத்துக்கு அங்க கதிரையே போடேல்ல. இயேசு ஒரு ஆளைப் பாக்கேக்க ரெண்டையும் சேத்துத்தான் பாத்தவர். திமிர்வாதக்காரனை கூரையைப் பிரிச்சு இறக்கினாப் போல அவர் முதல்ல சொன்னது "உன் பாவங்கள் உனக்கு மன்னிக்கப்பட்டது" எண்டு, பேந்துதான் எழும்பி நட எண்டார்.

இது ஆரோ ஒரு கவுன்சிலரின்ர பிழை இல்ல, அடித்தளமே அப்பிடித்தான் போட்டது. உளப்பகுப்பாய்வைத் தொடக்கின ஃப்ராய்டுக்கு குற்ற உணர்வு எண்டா மனசுக்குள்ளேயே நடக்கிற சண்டை, தாய் தகப்பன்ர குரல் உள்ள இருந்து அதட்டுறது. மதத்தை மாயை எண்டு 1927ல எழுதினவரும் அவர்தான். அப்ப நீ ஆருக்குக் குற்றம் செய்தனி எண்ட கேள்வி அங்க எழும்பாது. அடுத்தது அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ். இண்டைக்கு எங்கட ஊர் கவுன்சிலிங் வகுப்புகளிலயும் அவர்ர பேர் வராம இராது. கண்டிப்பான கிறிஸ்தவக் குடும்பத்தில வளந்து, நியூயோர்க்கில இறையியல் கல்லூரிக்குப் போய், இடையில விட்டிட்டு உளவியலுக்கு வந்தவர். வாறவரை நிபந்தனை இல்லாம ஏற்றுக்கொள்ளு எண்டதுதான் அவர்ர போதனை. எனக்கு அதைப் படிக்க நெஞ்சு கனத்தது, ஏனெண்டா அது கிருபை மாதிரியே இருக்கு, ஆனா சிலுவை இல்லாத கிருபை. இயேசு சொன்ன உவமையில, வீட்டை விட்டுப் போய்த் திரும்பி வந்த கெட்ட குமாரனை தகப்பன் ஓடிப்போய்க் கட்டிப்பிடிச்சார்தான், ஆனா மகன் "பாவஞ்செய்தேன்" எண்டு சொல்ல வாயைப் பொத்தேல்ல.

உளவியலுக்குள்ள இருந்தே இதைக் கேட்ட ஆக்களும் இருக்கினம். ஹோபார்ட் மௌரர் 1954ல அமெரிக்க உளவியல் சங்கத்துக்குத் தலைவரா இருந்தவர், தானே மனச்சோர்வில அடிபட்ட மனுசன், 1960ல பாவம் எண்ட சொல்லைத் திரும்பக் கொண்டுவாங்கோ எண்டு எழுதினார். அவர் சொன்ன பாவத்தில கடவுளுக்குப் பெரிய இடமில்ல, அது வேற கதை.

ஒண்டை இங்க சொல்லாம விடேலாது. குளிசையை எறிஞ்சிட்டு ஜெபம் பண்ணு எண்டு சொல்லுற ஆக்களோட நான் இல்ல. அவையள் ஆக்களைக் கொல்லினம். பைபிள்ல எலியா தீர்க்கதரிசி சூரைச்செடிக்குக் கீழ படுத்து சாகோணும் எண்டு கேக்க தேவதூதன் பிரசங்கம் பண்ணேல்ல, அடையும் தண்ணியும் குடுத்து நித்திரை கொள்ள விட்டவன். புருசன் அடிக்கிற ஒரு பொம்பிளை எல்லாம் தன்ர பிழை எண்டு அழுதா, உங்களில பிழை இல்ல எண்டு சொல்லுற கவுன்சிலர்தான் சரி, அடங்கிப் போ எண்டு திருப்பி அனுப்புற சபை பிழை. மனநல ஆஸ்பத்திரி இருக்கிற அங்கொடை எண்ட பேரையே ஏச்சாப் பாவிக்கிற ஊரில வருத்தக்காரரை நாங்களும் சேர்ந்து வெக்கப்படுத்தக்கூடாது. உயிரை விடலாமா எண்டு யோசிக்கிற ஆராவது இதை வாசிச்சா தயவுசெய்து இப்பவே இலங்கையின்ர மனநல உதவி இலக்கம் 1926க்கு ஃபோன் அடியுங்கோ.

என்ர கதைக்கு வாறன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நற்கருணைக்கு முதல் பாவ அறிக்கை சொல்லேக்க, செய்ய வேண்டியதச் செய்யாம விட்டம் எண்ட இடம் வந்தது. சின்ன வயசில இருந்து சொல்லி வாறது, அண்டைக்குத் தொண்டை அடைச்சுப்போச்சு. காணிக்கையை வச்சிட்டு முதல்ல சகோதரனோட ஒப்புரவாகு எண்ட வசனமும் கூடவே வந்தது, நற்கருணைப் பந்திக்குப் போகேல்ல, நேர கொட்டாஞ்சேனைக்குப் பஸ் எடுத்தன்.

அக்கா கதவைத் திறந்தா. நான் சொன்னன், பிழை விட்டிட்டன், வேலை எண்டது பொய், பாக்கப் பயந்து வராம இருந்தனான். அவ "பரவாயில்லடா" எண்டு சொல்லேல்ல. அரை மணித்தியாலம் ஏசினா. ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா அம்மாவைப் பிரட்டிப் படுக்க வச்சது ஆர், முதுகுப் புண்ணுக்கு மருந்து கட்டினது ஆர், பம்பர்ஸ் வாங்கக் காசில்லாம தன்ர காப்பை அடகு வச்சது தெரியுமா எண்டு. எனக்குத் தெரியாது. கவுன்சிலரின்ர அறையில அக்கா இருக்கேல்ல, அதால அங்க அந்தக் காப்பும் வரேல்ல.

ஏசி முடிச்சு அழுதா, நானும் அழுதன், ரெண்டு பேரும் ஜெபம் பண்ணினம். பேந்து அம்மாட செலவெழுதின சீ.ஆர். கொப்பியை எடுத்துக்கொண்டு வந்து மேசையில வச்சா. இப்ப மாசம் மாசம் சம்பளம் வர என்ர பங்கை அதில எழுதிக் கழிக்கிறம், காப்பு போன கிழமை மீட்டாச்சு. டொக்டர் தந்த குளிசையில பாதி இன்னும் போடுறன்.