மஞ்சப்பையில் இருந்த இன்லண்ட் லெட்டர்

"இது வேண்டாம்மா. உள்ளே வைங்க."

அவ்வளவுதான் சொன்னேன். கிழிக்கச் சொல்லவில்லை. பொய் சொல்லவும் சொல்லவில்லை.

கொளத்தூர்ப் பக்கம் அரை கிரவுண்டு. இடத்துக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்டிருந்தார். அங்கே குடியிருக்கும் அம்மாதான் என் கட்சிக்காரர்; வக்கீலான என் மேஜையில் மஞ்சப்பையைக் கவிழ்த்தார். இ.பி. கார்டு, ரப்பர் பேண்ட் போட்ட வரி ரசீதுகள், நடுவில் மடிப்பெல்லாம் நைந்த ஓர் இன்லண்ட் லெட்டர். 'நீங்கள் அங்கேயே இருந்துகொள்ளுங்கள், வேறு யாரும் வளைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.'

"இதுதானே சார் எங்களுக்கு ஆதாரம்? ஐயா கைப்பட எழுதினது."

1963-ஆம் வருடத்துக் காலவரையறைச் சட்டப்படி, உரிமையாளருக்கு எதிராக, ஊரறிய 12 வருடம் அனுபவித்தால் அவர் உரிமை போய்விடும். இதற்கு 'எதிரிடை அனுபவம்' என்று பெயர். அனுமதியோடு இருந்தால் ஐம்பது வருடமானாலும் கணக்கில் வராது. வளைத்துப் போட்டவருக்குக் கிடைப்பது, கேட்டுக் குடியேறிய இவருக்குக் கிடைக்காது.

2008-ல் ஹேமாஜி வாகாஜி ஜாட் வழக்கில் இதை அறிவுக்கு ஒவ்வாத சட்டம் என்ற உச்ச நீதிமன்றம், மறுபரிசீலனை செய்யும்படி மத்திய அரசைக் கேட்டுக்கொண்டது. 2023-ல் சட்ட ஆணையம் தன் 280-வது அறிக்கையில் மாற்றமே தேவையில்லை என்றுவிட்டது. அதைத் திட்டி பாரிமுனை டீக்கடையில் அரைமணி நேரம் பேசியவன் நான். அதே வாரம்தான் இவருக்காக 'எதிரிடை அனுபவம்' என்று எதிர்வழக்குரை எழுதினேன்.

அனுமதி இருந்தது என்று காட்டுவது எதிர்த்தரப்பின் வேலை, என் வேலையா? மகனுக்கு அந்த லெட்டர் பற்றித் தெரியவே தெரியாது. இப்படி நினைத்தால் தூக்கம் வரும். பிறகு 1882-ன் வசதியுரிமைச் சட்டம், 60-வது பிரிவு நினைவுக்கு வரும். அனுமதியை நம்பி நிரந்தரமாகக் கட்டடம் எழுப்பியிருந்தால் அந்த அனுமதியைத் திரும்பப் பெற முடியாது. குடிசை இருந்த இடத்தில் அவர் தளம் போட்ட வீடு கட்டியிருந்தார். லெட்டரை வைத்தே வாதாடியிருக்கலாமோ?

சீனியரிடம் கேட்டேன். "அதுல ஜெயிச்சாலும் இடம் அவங்களுக்குச் சொந்தமாகாதுப்பா. இருக்கத்தான் முடியும்."

இருந்தால் போதுமா, சொந்தமாக வேண்டுமா என்று அந்த அம்மாவிடம் நான் கேட்கவே இல்லை.

போன வாய்தாவுக்கும் அதே மஞ்சப்பையோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "எல்லாம் பத்திரமா இருக்கு சார்" என்றார். எல்லாம் என்றால் எதெல்லாம் என்று கேட்க வாய் வரவில்லை.