கைன்டன் பண்ணைக் குறிப்புகள்: அல்பாக்காக்களும் பார்வையாளர்களும்

ஆகஸ்ட் 11, ஞாயிறு

இரவில் விழுந்த உறைபனி காலை ஒன்பது மணிவரை புல்லின்மேல் வெள்ளையாகவே கிடந்தது. வெயில் ஏறிய பிறகு மந்தையைக் கொட்டகைக்குள் சேர்த்து, கால்நடை மருத்துவர் வகுத்துக் கொடுத்த அளவின்படி எல்லா விலங்குகளுக்கும் வைட்டமின் டி ஊசி போட்டு முடித்தோம். ரோமத்துக்காக வளர்க்கப்படும் ஒட்டகக் குடும்பத்து விலங்கான அல்பாக்காவின் தாயகமான தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் உயர்நிலம் நிலநடுக்கோட்டுக்கு நெருங்கியும் கடல்மட்டத்துக்கு மேல் 3,500 மீட்டருக்கும் அதிகமான உயரத்திலும் இருப்பதால், அங்கே ஆண்டு முழுவதும் வெயில் கடுமையாக இறங்குகிறது. அந்த வெயிலுக்கும் குளிருக்கும் ஏற்ப அமைந்த அடர்ந்த ரோமத்தோடு அவை தெற்கே 37 பாகையில் இருக்கும் ஆஸ்திரேலியாவின் இந்த விக்டோரியா மாநிலத்துக்கு வந்துவிட்டன. இங்கே குளிர்காலத்துச் சாய்ந்த வெயில் அந்த ரோமத்தைத் தாண்டித் தோலைத் தொடுவதே அரிது. குறை ஏற்பட்டால் வளரும் குட்டிகளுக்கு எலும்பு வலுவிழந்து முன்னங்கால்கள் வளையும், முதுகு கூனும். கருநிற விலங்குகளுக்கு இந்தக் குறை கூடுதலாக வரும் என்பதால் காரிக்குத்தான் முதல் ஊசி.

எங்கள் விலங்குகளுக்குக் கொங்கு நாட்டில் மாடுகளுக்குச் சொல்லும் நிறப்பெயர்களையே வைத்திருக்கிறோம்: காரி, மயிலை, செவலை. அக்கம்பக்கத்து ஆஸ்திரேலியர்களும் அந்தப் பெயர்களை அழகாகவே உச்சரிக்கிறார்கள்.

பண்ணையைக் குளிர்காலத்தில் ஏன் மூடி வைக்கிறீர்கள் என்று பலர் கேட்கிறார்கள். பெட்டைகள் பெரும்பாலும் நிறைசூலில் இருக்கின்றன, தரை சேறாகக் கிடக்கிறது. பார்க்க வருகிறவர்களின் வசதி இதற்கெல்லாம் பிறகுதான்.

செப்டம்பர் 14, சனி

இந்தப் பருவத்தின் முதல் பார்வையாளர்கள் வந்தார்கள். ஒரு வேளைக்குப் பத்துப் பேருக்கு மேல் அனுமதிப்பதில்லை என்பதை இந்த ஆண்டும் மாற்றப்போவதில்லை.

வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அல்பாக்காவைக் கட்டிப்பிடித்துப் படம் எடுக்க வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. உருண்டைக் கண்ணும் பஞ்சுக் கழுத்துமாக நிற்கும் ஓர் உயிரைப் பார்த்தால் அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் அது வேட்டையாடப்படும் இனத்தில் பிறந்த விலங்கு. கழுத்தைச் சுற்றி விழும் கை அதற்கு அன்பாகப் படுவதில்லை. ஆகவே வாயிலிலேயே நான் சொல்லிவிடுவேன்: கட்டிப்பிடிக்கக் கூடாது, தலையைத் தொடக் கூடாது, பின்பக்கமாகப் போகக் கூடாது, தீவனத்தை விரித்த உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நில்லுங்கள், அவையே வரும். இதைக் கேட்டு முகம் சுருங்குகிறவர்கள் உண்டு. என்றாலும் ஐந்து நிமிடம் அமைதியாக நின்றவர்களின் கையை மயிலை தானாக வந்து முகர்ந்து, பிளந்த மேலுதட்டால் ஒவ்வொரு தீவன உருண்டையாகப் பொறுக்கி எடுக்கும்போது, அவர்களுக்கு வேறு எதுவும் வேண்டியிருப்பதில்லை.

இன்று ஒரு சிறுவன் செவலையின் எச்சரிக்கைகளை வரிசையாகப் பார்த்தான். முதலில் காதுகள் பின்னால் மடிந்தன, பிறகு முகவாய் உயர்ந்தது, அதன் பிறகே இரைப்பையிலிருந்து எழுந்த பச்சை நிறத் துப்பல் பக்கத்தில் முண்டியடித்த காரியின்மேல் விழுந்தது. துப்பிய பிறகு செவலையின் கீழுதடு தொங்கி, வாய் திறந்தபடியே எச்சில் வடிய, சில நிமிடங்கள் தீவனத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. துப்பிய வாயிலும் அந்தப் புளிப்பு தங்கிவிடுவதுதான் காரணம். மனிதர்கள்மேல் அவை துப்புவது குறைவு. பெரும்பாலும் தீவனத்துக்காகத் தங்களுக்குள் நடக்கும் தகராறுதான் அது.

புறப்படும்போது எல்லாரும் சோப்பு போட்டு ஓடும் நீரில் கை கழுவியாக வேண்டும். கைகளில் தடவிக்கொள்ளும் கிருமிநாசினி திரவம் கிரிப்டோஸ்போரிடியம் போன்ற குடல் ஒட்டுண்ணிகளைக் கொல்லாது என்பதால், குழாயடியில் நானே நின்று பார்த்துக்கொள்கிறேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

மயிலை ஈன்றது. பார்வையாளர்கள் மேய்ச்சல் வெளியின் வேலிக்கு அப்பால் நின்றுகொண்டிருந்த நேரத்தில், காலை பதினொரு மணிக்குள் எல்லாம் முடிந்தது. அல்பாக்கா பெரும்பாலும் முற்பகலிலிருந்து நடுப்பகலுக்குள்தான் ஈனும். இரவுக் குளிர் வருமுன் குட்டி உலர்ந்து, எழுந்து, பால் குடித்திருக்க வேண்டும் என்பது ஆண்டிஸ் மலையின் கட்டாயம். பதினொன்றரை மாதச் சினைக்குப் பிறகு ஒற்றைக் குட்டி, எடை ஏழு கிலோவுக்குச் சற்று மேல். பசுவைப் போலத் தாய் கன்றை நக்கித் துடைப்பது இந்த இனத்தில் இல்லை. தாய் மூக்கை வைத்து முகர்ந்து மெல்லிய முனகலை எழுப்ப, மற்ற பெட்டைகளும் ஒவ்வொன்றாக வந்து முகர்ந்துவிட்டுப் போக, குட்டி வெயிலிலேயே உலர்ந்தது. தொப்புள் கொடியில் அயோடின் தடவியதற்கு மேல் நான் எதுவும் செய்யவில்லை.

குட்டி ஆண். அதற்குப் புட்டிப்பால் கொடுக்க எங்கள் குழந்தைகளை அனுமதிப்பீர்களா என்று ஒரு தாய் ஆசையோடு கேட்டார். இதற்கு நான் கொடுக்கும் பதில் எப்போதும் நீளமானதுதான், ஏனென்றால் பார்வையாளர் பண்ணை நடத்துகிற எவரும் மனத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம் இது. தாயிடம் பால் இருக்கும்போது மனிதர் புட்டிப்பால் கொடுத்து, கொஞ்சி, மடியில் வைத்து வளர்த்த ஆண் குட்டி, மனிதரைத் தன் இனமாகவே எண்ணிவிடும். இரண்டு மூன்று வயதில் பருவம் வந்ததும் அதே மனிதரைப் போட்டிக் கடாவாகக் கருதி, மார்பால் மோதும், கடிக்கும், கீழே தள்ளி மேலே ஏறும். அந்த வயதில்தான் ஆண்களுக்குச் சண்டைப்பற்களும் முளைக்கின்றன. அப்படிக் கெட்டுப்போன விலங்கைத் திருத்துவது மிகக் கடினம். பல பண்ணைகளில் அதைக் கொன்றுவிட நேர்கிறது. குட்டியாக இருக்கும்போது அதை எல்லாரும் கொஞ்சியதற்கான விலையைக் கடைசியில் கொடுப்பது அந்த விலங்குதான். அதனால் இங்கே குட்டிகளை யாரும் தொடுவதில்லை. ஆண்களில், பார்வையாளர்களோடு நடக்கவும் தீவனம் வாங்கவும் விடப்படுபவை காயடித்த, வயது முதிர்ந்தவை மட்டுமே.

அந்தத் தாய் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். அவருடைய குழந்தைகள் இருவரும் வேலியோரம் உட்கார்ந்து, குட்டி நான்கு கால்களையும் எங்கே ஊன்றுவதென்று கண்டுபிடித்து எழும்வரை அரைமணி நேரம் அசையாமல் பார்த்தார்கள்.

நவம்பர் 2, சனி

ரோமம் வெட்டும் நாள். மழை வரும் என்று வானிலை சொன்னதால் நேற்று மாலையே மந்தையைக் கூரைக்குள் அடைத்தோம். ஈர ரோமத்தை வெட்டி மூட்டை கட்டினால் பூஞ்சை பிடித்துப் போகும்.

வெட்டுபவர் தம் உதவியாளரோடு வந்து தரையில் விரிப்பைப் போட்டார். விலங்கைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, முன்னங்கால்களையும் பின்னங்கால்களையும் எதிரெதிர்த் திசையில் கயிற்றால் இழுத்துக் கட்டுகிறார்கள். பார்வையாளர்களில் சிலருக்கு இந்தக் காட்சி வருத்தமாக இருந்தது. ஆனால் கால் உதறும் விலங்கின் தோலருகே கத்தி ஓடுவதைவிட இது பன்மடங்கு பாதுகாப்பானது. பத்து நிமிடத்துக்குள் எழுந்து ஓடிவிடும். முதலில் வெள்ளை, பிறகு செந்நிறம், கடைசியில் கறுப்பு என்ற வரிசையைக் கண்டிப்பாகக் காக்கிறோம், ஒரு கருநார் வெள்ளை ரோமத்தில் கலந்தாலும் சாயம் ஏற்றும்போது காட்டிக்கொடுத்துவிடும். முதுகும் விலாவும் சேர்ந்த பகுதி போர்வை போல ஒரே விரிப்பாக வருகிறது, அதுதான் முதல் தரம். கழுத்து தனி. கால், வயிறு, மார்பு ஆகியவற்றில் முரட்டு மயிர் மிகுதி; அவை வேறு மூட்டைக்குப் போகும். படுத்திருக்கும்போதே நகம் வெட்டி, தேவையானவற்றுக்குப் பல் ராவி, தடுப்பூசியும் போட்டுவிட்டோம்.

ஒவ்வொரு விலங்கின் விலாவிலிருந்தும் உள்ளங்கையளவு மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினேன். நாரின் தடிமன் மைக்ரானில், அதாவது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கில், வரும். 30 மைக்ரானைத் தாண்டிய நார்களே அணிபவரின் கழுத்தில் குத்துபவை. சராசரியைவிட, தடித்த நார்கள் எத்தனை சதவீதம் கலந்திருக்கின்றன என்பதையே நான் முதலில் பார்ப்பேன்.

நவம்பர் 5, செவ்வாய்

மெல்பர்ன் கோப்பைக் குதிரைப் பந்தய விடுமுறை. மெல்பர்னிலிருந்து பலர் வந்தார்கள். இன்று விலங்குகளைவிட ரோமம் பிரிக்கும் மேசையைச் சுற்றித்தான் கூட்டம் நின்றது, எனக்கு அதில் பெரும் மகிழ்ச்சி. கம்பிவலை போட்ட அந்த மேசையில் செவலையின் விரிப்பைப் பரப்பி, ஓரத்து முரட்டு மயிரையும் வைக்கோல் துணுக்குகளையும் பொறுக்கிக்கொண்டிருந்தோம்.

மகள் வீட்டுக்கு வந்திருக்கும் அவிநாசிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் கூட்டத்தில் இருந்தார். நூற்பாலையில் பணியாற்றி ஓய்வு பெற்றவராம். யாரும் சொல்லாமலே ஒரு சிறு கற்றையை எடுத்து, இரு கைகளின் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் பிடித்து, இழுத்து, அடுக்கி, மறுபடி இழுத்து, நார்கள் எல்லாம் நேராக நின்றதும் தம் கறுப்புக் கைப்பையின்மேல் கிடத்தினார். ஆலையில் பருத்தியின் இழை நீளத்தைக் கையால் பார்க்கும் முறை அது.

“நீளம் ஏகத்துக்கும் இருக்குதுங்க அம்மணி. ஆனா நம்ம மில்லு மெஷின்ல இது ஓடாதுங்களே?”

“ஓடாதுங்க ஐயா. பருத்திக்கு வெச்ச உருளை இடைவெளிக்கு இது ரொம்ப நீளம்.”

பருத்தி இழை சுமார் 30 மில்லிமீட்டர் என்றால், ஓராண்டு வளர்ந்த இந்த ரோமம் 100 மில்லிமீட்டரை ஒட்டி நிற்கும். பருத்தி எந்திரத்தில் செலுத்தினால் ஒரே இழையை முன்னுருளையும் பின்னுருளையும் ஒருசேரப் பிடித்து அறுத்துவிடும். அவருக்கு நான் ஒரு கற்றையின் இரு நுனிகளையும் பிடித்துக் காதருகே சுண்டிக் காட்டினேன். கணீரென்று ஒலித்தால் நார் உறுதி. சடசடத்தால் அந்த விலங்கு ஆண்டின் நடுவில் நோயிலோ பசியிலோ வாடியிருக்கிறது, நார் அந்த இடத்தில் முறியும்.

அக்காலத்து வக்கீல்கள் அணிந்த கறுப்பு அல்பாக்கா கோட்டு இதுதானா என்று அவர் கேட்டது நல்ல கேள்வி. இங்கிலாந்தின் பிராட்போர்டில் டைட்டஸ் சால்ட் 1830களில் அல்பாக்காவை ஆலைத்துணியாக்கிப் புகழ்பெற்றபோது, பாவுக்குப் பருத்தியையும் ஊடைக்கு அல்பாக்காவையும் வைத்தே அந்தப் பளபளப்பைக் கொண்டுவந்தார். பாவு பருத்தி என்றதும் பெரியவரின் முகம் மலர்ந்தது. பிறகு அவர் எங்கள் நியூசிலாந்து ராட்டையில் உட்கார்ந்து, மிதியைப் பழகியதும் ஒரு சிறு கதிர் நிறைய நூற்றார். பருத்திக்குக் கொடுக்கும் முறுக்கைக் கொடுத்தால் இந்த நூல் கயிறாகிவிடும், முறுக்கைக் குறைத்தால் பிரிந்துவிடும். நடுவில் இருக்கும் அந்த அளவைச் சில நிமிடங்களிலேயே அவர் விரல் பிடித்துக்கொண்டது. அந்த நூலைச் சிட்டமாகச் சுற்றி அவரிடமே கொடுத்தேன்.

நவம்பர் 23, சனி

மழை. வந்தவர்களைக் கொட்டகையில் உட்காரவைத்து, இந்த விலங்கு ஆஸ்திரேலியாவுக்கு வந்த கதையைச் சொன்னேன். சார்ல்ஸ் லெட்ஜர் என்ற ஆங்கிலேயர், ஏற்றுமதித் தடையை மீறி ஒரு பெரும் மந்தையை ஆண்டிஸ் மலைகளின் வழியே ஆண்டுக்கணக்கில் ஓட்டிச் சென்று, 1858இல் சிட்னியில் 250க்கும் மேற்பட்டவற்றை இறக்கினார். வழியில் மடிந்தவை ஏராளம். சில ஆண்டுகளிலேயே அந்த முயற்சி கைவிடப்பட்டு மந்தை சிதறிப்போனது. இன்று இங்கே மேய்பவை 1980களின் இறுதியிலிருந்து மீண்டும் கொண்டுவரப்பட்டவற்றின் வழிவந்தவை. மலேரியா மருந்தான கொயினா மிகுந்த சிங்கோனா மரத்தின் விதைகளைப் பொலிவியாவிலிருந்து வெளியே விற்றவரும் இதே லெட்ஜர்தான். அந்த மரவகை அவர் பெயரைத் தாங்குகிறது, விதைகளைத் திரட்டிக்கொடுத்துச் சிறைப்பட்டு அடிபட்டு இறந்த மானுவேல் இன்க்ரா மமானி என்ற பழங்குடி மனிதரின் பெயரையும் நான் சேர்த்தே சொல்வேன்.

பெருவின் எல் யாரால் என்னுமிடத்தில் கிடைத்த, ஆயிரம் ஆண்டுப் பழமையான அல்பாக்கா உடல்களைத் தொல்விலங்கியல் ஆய்வாளர் ஜேன் வீலர் ஆராய்ந்தபோது, அவற்றின் ரோமம் இன்றைய ரோமத்தைவிட மென்மையாகவும் சீராகவும் இருந்ததைக் கண்டார். ஸ்பானியப் படையெடுப்புக்குப் பின் மந்தைகளோடு அந்த இனவிருத்தி அறிவும் அழிந்ததே காரணம். என் மைக்ரான் கணக்கெல்லாம் அந்த இடையர்கள் எட்டிய இடத்தை நோக்கி மெல்ல நடப்பதுதான்.

ஜனவரி 4, சனி

காட்டுத்தீ அபாயத்தால் வெளியில் தீ மூட்டுவதற்கே தடை விதிக்கும் முழுத் தீத்தடை நாள் என்பதால் பண்ணையை மூடிவிட்டோம். முன்பதிவு செய்தவர்களுக்கு நேற்றே சொல்லியாயிற்று. விலங்குகளைப் புல் மேய்ந்து தரையான வெளிக்கு மாற்றினோம். வெப்பம் ஏறியதும் வயிற்றுக்கும் கால்களுக்கும் மட்டும் குழாய்நீர் அடித்தோம். முதுகை நனைத்தால் நீர் ரோமத்தில் தங்கி வெப்பத்தை உள்ளேயே அடைத்துவிடும்.

மார்ச் 2, ஞாயிறு

காரியின் தலை நடுங்குகிறது. நேற்று மாலை தண்ணீர்த் தொட்டியருகே கவனித்தேன், காலையில் இன்னும் தெளிவாகத் தெரிந்தது: நிற்கும்போது மெல்லிய ஆட்டம், விரட்டினால் கால் பின்னும். கோடை முடிவில் ரைகிராஸ் புல்லின் அடித்தண்டில் வாழும் பூஞ்சை உண்டாக்கும் நஞ்சு இது. அல்பாக்காக்கள் இதற்கு மிக எளிதில் ஆளாகின்றன. புல் கட்டையாகும்வரை மேயும்போதுதான் நஞ்சு மிகுந்த அந்த அடிப்பகுதி வயிற்றுக்குள் போகிறது. மருத்துவர் வந்து பார்த்து உறுதிசெய்தார். தனி மருந்து கிடையாது. அந்த வெளியிலிருந்து விலக்கி, ரைகிராஸ் கலவாத வைக்கோலும் நிழலும் அமைதியும் கொடுத்தால் பெரும்பாலானவை சில வாரங்களில் தேறிவிடும். முழு மந்தையையும் கொட்டகையை ஒட்டிய சிறு வெளிக்கு மாற்றி, லூசர்ன் (குதிரைமசால்) கட்டுகளைப் பிரித்துப் போட்டோம்.

அடுத்த வாரம் பள்ளி மாணவர் குழுவொன்று வருவதாக இருந்தது. நடுங்கும் விலங்கைச் சுற்றிப் பிள்ளைகளின் ஓட்டமும் கூச்சலும் கூடாது என்று ஆசிரியையிடம் தொலைபேசியில் சொன்னேன். அவர் புரிந்துகொண்டார். விலங்குகளுக்குப் பதிலாக ரோமம் கழுவும் வேலையை அவர்களின் பள்ளிக்கே எடுத்துச்சென்று காட்ட ஒப்புக்கொண்டிருக்கிறேன்: அறுபது பாகைச் சுடுநீர், சிறிது சோப்பு, கையால் அலசாமல் ஊறவிட்டுத் தூக்குதல். செவலையின் இரண்டாம் தர ரோமம் ஒரு மூட்டை அதற்கென்றே ஒதுக்கியாயிற்று. மேய்ச்சல் வெளியை முதல் நல்ல மழைக்குப் பின் புதுப்புல் எழுந்த பிறகே திறப்போம்.