மீதமிருந்த 177 பந்துகள்

என்னுடன் பணிபுரியும் ஜப்பானிய நண்பருக்கு வலது முழங்கை முழுவதுமாக நீளாது. அலுவலகச் சமையலறையின் மேல்தட்டிலிருந்து தேநீர்க் கோப்பையை எடுக்க இடது கையைத்தான் உயர்த்துவார். வலது கை பாதியில் வளைந்தபடியே நின்றுவிடும். உயர்நிலைப் பள்ளியில் அவர் பேஸ்பால் அணியின் பிட்சர், அதாவது பந்தெறிபவர். அப்படிப்பட்டவரே, பள்ளி பிட்சராக இருந்த ரோகி சசாகியின் பேச்சு வந்தால், அவரை ஆடவிடாத பயிற்சியாளர் செய்தது தவறு என்றுதான் சாதிப்பார்.

2019 ஜூலை 25, ஜப்பானின் இவாத்தே மாகாண இறுதிப் போட்டி, வென்றால் கோஷியென், அதாவது பள்ளிகளின் தேசியத் தொடர். மணிக்கு 163 கிலோமீட்டர் வேகத்தில் பந்தெறிந்து நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்திருந்த 17 வயது சசாகி, அன்று ஒரு பந்துகூட எறியாமல் உட்கார்ந்திருந்தார். 1984-க்குப் பிறகு கோஷியென் மண்ணை மிதித்திராத ஓபுனாட்டோ அரசுப் பள்ளி 12-2 என்று தோற்றது. காயத்தைத் தவிர்க்கவே அவரை இறக்கவில்லை என்று பயிற்சியாளர் கொகுபோ விளக்கிய பிறகும் பள்ளியின் தொலைபேசி ஓயவில்லை.

கணக்கு இதுதான்: நான்கு நாட்களுக்கு முன், வழக்கமான ஒன்பதைத் தாண்டி 12 இன்னிங்ஸ் நீண்ட ஆட்டத்தில் அவர் எறிந்தவை 194 பந்துகள், இறுதிக்கு முந்தைய நாள் அரையிறுதியில் 129. ஆக 323. அடுத்த ஆண்டு, ஒரு பிட்சர் ஒரு வாரத்தில் 500 பந்துகளுக்கு மேல் எறியக் கூடாது என்ற விதியை ஜப்பானிய உயர்நிலைப் பள்ளி பேஸ்பால் கூட்டமைப்பு கொண்டுவந்தது. அந்த விதி ஓராண்டு முன்பே வந்திருந்தாலும் சசாகியின் கணக்கில் 177 பந்துகள் மீதமிருந்திருக்கும், தாராளமாக இறக்கியிருக்கலாம்.

இளம் பிட்சர்களுக்கான அமெரிக்காவின் பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டுதலில் 17, 18 வயதினருக்கு ஒரு நாளின் உச்சவரம்பு 105 பந்துகள். எண்பதைத் தாண்டினாலே நான்கு நாள் ஓய்வு. என் கட்சி இதுதான். முழங்கையின் உட்புறத் தசைநார் ஒவ்வொரு வீச்சிலும் இழுபடுகிறது. தொடையும் இடுப்பும் தோளும் சோர்ந்த பின் அவை சுமக்க வேண்டிய பாரமும் அதன் மேலேயே இறங்குகிறது. வளரும் பிள்ளைகளுக்கு எலும்பு முனையின் வளர்தட்டு இன்னும் இறுகியிருக்காது என்பதால், நாருக்கு முன்பே எலும்பு பாதிக்கப்படுவதும் உண்டு. இதற்குத் தேவை இடையில் ஓய்வு நாட்கள். வாரக் கூட்டுத்தொகை அதைத் தருவதில்லை.

1998 கோஷியெனில் டைசுகே மட்சுசாகா என்ற பள்ளி பிட்சர், முந்தைய நாள் முழு ஆட்டம் எறிந்த அதே கையால், 17 இன்னிங்ஸ் காலிறுதியில் 250 பந்துகள் எறிந்ததை இன்றும் காவியமாகச் சொல்கிறார்கள்; 2006-இல் யூகி சைட்டோ ஒரே தொடரில் எறிந்த 948-ஐயும் அப்படியே. மட்சுசாகாவுக்கு 2011-இல் முழங்கையில் அறுவை சிகிச்சை நடந்ததை யாரும் அந்தக் கதையோடு சேர்ப்பதில்லை. (பதின்மூன்று ஆண்டுகள் கழித்து வந்ததை 1998-இன் கணக்கில் எழுதலாமா என்று நண்பர் கேட்பார், நியாயமான கேள்விதான்.)

சசாகி 2022-இல், 20 வயதில், எதிரணியில் ஒருவரைக்கூட பேஸுக்கு விடாமல் முழு ஆட்டத்தையும் முடித்தார். 2025-இல் அமெரிக்காவின் டாட்ஜர்ஸ் அணியில் தோள் கோளாறால் ஓய்வெடுத்தபோது, பொத்திவைத்த கையும் வலிக்கத்தானே செய்கிறது என்று நண்பர் உற்சாகமானார்.

அன்றுதான் முதன்முறையாக அவருடைய கையைப் பற்றிக் கேட்டேன். வலி தொடங்கியது போட்டியில் அல்ல, பயிற்சியில் என்றார். அந்த 500-இல் பயிற்சிப் பந்துகள் சேராது.