இது நம்ம கடைப் பேரு இல்லீங்களே தம்பி

கிரைண்டர் ரிப்பேர் கடைக்கார அண்ணன் ஒருத்தருக்கு கூகுள் மேப்ல கடைப் பேர நான்தான் போட்டுக் குடுத்தேன். அதப் பாத்துட்டு அவரு கோவமா சொல்லியிருந்தாருன்னா மறந்திருப்பேன். போனைக் கண்ணுகிட்ட கொண்டு போயி எழுத்துக் கூட்டிப் படிச்சுட்டு, சந்தேகமாத்தான் கேட்டாரு, "இது நம்ம கடைப் பேரு இல்லீங்களே தம்பி?" "எல்லாரும் இப்படித்தாங்கண்ணா போடறாங்க"ன்னேன். சரின்னுட்டாரு.

போர்டுல இருக்கறது அவரு மகளோட பேரு, பக்கத்துல எலக்ட்ரிகல்ஸ், அவ்ளோதான். கூகுள் மேப்ல நான் அதோட 'பெஸ்ட் வெட் கிரைண்டர் மிக்ஸி சர்வீஸ் கோயம்புத்தூர்'னு சேத்து விட்டிருந்தேன். போர்டுல என்ன இருக்கோ அதத்தான் போடணும்ங்கறது கூகுள் ரூல், தெரியும். சேத்தா மேல வரும்ங்கறதும் தெரியும். லோக்கல் தேடல்ல பாக்கறது மூணு விஷயம்: கேட்டதுக்குப் பொருந்துதா, எவ்ளோ தூரம், எவ்ளோ பேருக்குத் தெரிஞ்ச கடை. தூரத்த மாத்த முடியாது, ரிவ்யூ பதினொண்ணுதான் இருந்துச்சு, என் கையில இருந்தது வார்த்தை மட்டும்தான். அதே ரோட்டுல ரெண்டு கடை பேர நீட்டி வெச்சு முதல் மூணுல நிக்குது, இவருகிட்ட காசு வாங்கிட்டு நான் ரூல் பேசிட்டிருந்தா அது நியாயமான்னு இப்பவும் தோணுது.

போன் கால் நல்லாவே வந்துச்சு. தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கறப்ப ப்ரொஃபைல, அதான் மேப்ல இருக்கற கடைப் பக்கத்த, கூகுள் சஸ்பெண்ட் பண்ணிருச்சு. அப்பீலுக்கு போர்டு போட்டோ கேட்டேன், ஸ்டூல் போட்டு ஏறி போர்ட ஈரத்துணியில தொடச்சுட்டு எடுத்து அனுப்பியிருக்காரு, தண்ணி காயாம அந்தப் பொண்ணு பேரு மேலயே நிக்குது. நான் சேத்த ஒரு வார்த்தை கூட அதுல இல்ல. அத அப்லோடு பண்றப்ப கை கூசிருச்சு.

இதுல பெரிய தப்பு வேற எங்கயோன்னு நெனைக்கறேன். மொத நாளே சொன்னாரு, "சர்வீஸ்னு யாருங்க தம்பி கேக்கறாங்க, கல்லு கொத்தணும்னுதான் போன் பண்ணுவாங்க." முழங்கை வரைக்கும் கல்லுத் தூளு, கையில உளி, கொத்திட்டேதான் சொன்னாரு. எந்த வார்த்தைய எவ்ளோ பேரு தேடறாங்கன்னு காட்டற கூகுள் கீவேர்ட் பிளானர்ல நான் போட்டுப் பாத்தேன், ஒண்ணுமே காட்டல, விட்டுட்டேன். போர்டுல இருக்கற பேரோட ப்ரொஃபைல் திரும்பி வந்தப்பறம் சர்வீஸ் லிஸ்ட்ல 'கிரைண்டர் கல் கொத்துதல்'னு சேத்தேன். என்ன தேடறப்ப கடை தெரிஞ்சுதுன்னு காட்டற பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துல இப்ப அந்தத் தேடல் வருது, தமிழ்ல, இங்கிலீஷ் எழுத்துல, தப்பும் தவறுமா, எல்லாத்துக்கும் நேரா 15 பேருக்குக் கீழன்னுதான் காட்டுது. ஆனா அப்படித் தேடறவங்க வீட்டுல மாவு அரைபடாம கிரைண்டர் நிக்குதுன்னு அர்த்தம், அவங்க சும்மா பாத்துட்டுப் போக மாட்டாங்க.

இப்படியே முடிச்சா நல்லாத்தான் இருக்கும், ஆனா உண்மை என்னன்னா நீளப் பேரு இருந்தப்ப வந்த அளவுக்கு இப்ப கால் வரல. போன வாரம் அவரே கேட்டாரு, "அந்தப் பேரையே மறுபடி போட்டுப் பாக்கலாங்களா தம்பி?"

வேண்டாங்கண்ணா, ரூல் ஒத்துக்காதுன்னேன். அப்ப மட்டும் ஒத்துக்குச்சான்னு அவரு கேக்கல. இந்தத் தடவையும் சரின்னுட்டாரு.